பெரிய ஆல்டர்நேட்டர் வாங்கும் முன் எர்த்தை அளந்து பாருங்கள்

இந்த முறை எடுத்துக்கொண்ட கடிதம் கொஞ்சம் நீளமானது. எழுதியவர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், ஆகவே விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

லோட்டஸ் செவன் பாணியில் இரண்டு பேர் உட்காரும் கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி நாமே கட்டிக்கொள்ளும் வண்டி. வேறொருவர் பாதி கட்டி நிறுத்தியிருந்த வண்டியை வாங்கி, மீதியை ஓய்வு நேரத்தில் இவரே கட்டி முடித்திருக்கிறார். பவுடர் கோட்டிங் செய்த இரும்புக் குழாய் சேஸிஸ், மேலே ஃபைபர் பாடி, ஃபோர்டு கிராஸ்ஃப்ளோ எஞ்சின், அதில் லூக்காஸ் 17ஏசிஆர் ஆல்டர்நேட்டர் (எஞ்சின் ஓடும்போது பெல்ட்டில் சுற்றி மின்சாரம் உண்டாக்கி, பேட்டரியை ஏற்றும் கருவி). பேட்டரி பின்பக்கம் டிக்கியில். வண்டி ஓட ஆரம்பித்த பிறகு ரேடியேட்டருக்கு எலெக்ட்ரிக் ஃபேன், எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப், ஹாலஜன் ஹெட்லைட் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறார்.

இப்போது ராத்திரியில் சிக்னலில் நிற்கும்போது ஃபேன் ஓடத் தொடங்கினால் ஹெட்லைட் மஞ்சளாகிவிடுகிறது, பேட்டரி முனையில் 12.1 வோல்ட்தான் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும், சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் டாஷ்போர்டு சார்ஜ் லைட் அணைவதில்லை, ஒருமுறை ஆக்சிலரேட்டரை மிதித்து 3000 ஆர்பிஎம் தாண்டினால்தான் அணைகிறது. ஆல்டர்நேட்டர் போய்விட்டது என்று நினைத்து அதே ரகத்தில் ரீகண்டிஷன் செய்த ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார், அது மூன்றே வாரத்தில் செத்துவிட்டது. விற்றவர் "உங்கள் ஒயரிங் கோளாறு" என்று சொல்லி மாற்றித் தர மறுக்கிறார். பழையதையே திரும்ப மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் கேட்பது நான்கு. 120 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் போட்டால் எல்லாம் தீருமா? அவ்வளவு பெரியது போட்டால் பேட்டரி கொதித்துவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறாரே, உண்மையா? ஒற்றை ஒயர் ஆல்டர்நேட்டர் என்று ஒன்று இருக்கிறதாமே, அது போதுமா? கடைசியாக, செத்துப்போன ஆல்டர்நேட்டருக்குப் பணம் திரும்பக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா?

இனி உங்களிடமே பேசுகிறேன்.

முதலில் ஒரு நன்றி. பெரும்பாலான கடிதங்களில் "சார்ஜ் ஏறவில்லை, என்ன செய்வது" என்ற ஒரு வரிதான் இருக்கும். நீங்கள் மீட்டரை வைத்து அளந்து எழுதியிருக்கிறீர்கள். 2500 ஆர்பிஎம்மில், ஃபேன் ஓடாமல், ஹெட்லைட் மட்டும் போட்டிருக்கும்போது ஆல்டர்நேட்டரின் பின்புற முனைக்கும் அதன் உடம்புக்கும் நடுவே 14.3 வோல்ட், அதே நேரத்தில் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே 13.1 வோல்ட். இதைப் பார்த்துவிட்டு "பேட்டரிக்கு 13.1தான் வருகிறது, ஆல்டர்நேட்டருக்குத் தெம்பில்லை" என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். அங்கேதான் நான் உங்களோடு மாறுபடுகிறேன். 14.3 கொடுக்கும் ஆல்டர்நேட்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அது கொடுத்ததில் 1.2 வோல்ட் வழியில் தொலைந்துபோகிறது. எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிக்காமல் எத்தனை ஆம்பியர் ஆல்டர்நேட்டர் வாங்கி மாட்டினாலும் அதே இடத்தில் இன்னும் அதிகமாகத் தொலையும், அந்த இடம் இன்னும் அதிகமாகச் சூடாகும்.

1.2 வோல்ட் எங்கே போகிறது

ஆல்டர்நேட்டரிலிருந்து கிளம்பும் ஒயர் டாஷ்போர்டுக்கு வந்து, கரண்டை அளக்கும் ஆம்மீட்டர் வழியாக நுழைந்து, அங்கிருந்து டிக்கியில் இருக்கும் பேட்டரிக்குப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் சுமார் 5 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். ஹெட்லைட் போட்டால் ஆம்மீட்டர் முள் 25க்குப் போகிறது என்றும் சொல்கிறீர்கள். இந்த ஒரு தகவலே எனக்கு நிறையச் சொல்லிவிட்டது. ஒழுங்காக ஒயரிங் செய்த வண்டியில் ஆம்மீட்டர் பேட்டரிக்குள் போவதையும் வருவதையும் மட்டும்தான் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட்டுக்குப் போகும் கரண்ட் அதன் வழியே போகவே கூடாது. உங்கள் வண்டியை முதலில் கட்டியவர் எல்லா லோடையும் பேட்டரிப் பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறார், அதனால் ஆல்டர்நேட்டர் உண்டாக்கும் மொத்தமும் அந்த மெல்லிய ஒயர் வழியாக வண்டியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்பு ஒயர் 1 மீட்டருக்கு ஏறத்தாழ 0.0175 ஓம். 4 சதுர மில்லிமீட்டரில் 5 மீட்டர் என்றால் 0.022 ஓம். அதில் 25 ஆம்பியர் போனால் 0.55 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். மீதி 0.65 வோல்ட்டை ஆம்மீட்டரின் முனைகளும், நடுவில் இருக்கும் ஜாயின்ட்டுகளும், எர்த்தும் (கரண்ட் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பிப் போகும் வழி) பங்கு போட்டுக்கொள்கின்றன. என் அனுபவத்தில் பெரிய பங்கு எர்த்துக்குத்தான்.

ஃபைபர் பாடி வண்டியில் எர்த்தைப் பற்றி யோசிக்காமலே விட்டுவிடுவது ரொம்ப சகஜம். தகர பாடி உள்ள கார்களில் பாடியே எர்த், எந்த இடத்தில் திருகினாலும் கிடைக்கும். ஃபைபரில் அப்படி எதுவும் கிடையாது. சேஸிஸ் இருக்கிறதே என்றால், அதன் மேல் பவுடர் கோட்டிங். அது பிளாஸ்டிக் மாதிரிதான், கரண்டை விடாது. எஞ்சினோ ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ஆல்டர்நேட்டரின் உடம்பிலிருந்து பேட்டரியின் மைனஸ் முனைக்குத் திரும்பிப் போக வேண்டிய கரண்டுக்கு, நீங்களே போட்டுக்கொடுத்த வழியைத் தவிர வேறு வழியே இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பின்னல் பட்டை தெரிகிறது. அதன் அடியில் கறுப்புக் கோட்டிங் பளபளவென்று அப்படியே இருக்கிறது. போல்ட்டின் மரை கடிக்கும் இடத்தில் மட்டும்தான் இரும்பும் இரும்பும் தொடுகின்றன. மொத்தக் கரண்டும் அந்த நூல் அளவு இடத்தின் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தேன். இதே போன்ற ஒரு வண்டி, எஞ்சின் எர்த் பட்டை அறுந்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை. செல்ஃப் அடித்ததும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கான கரண்ட் திரும்பிப்போக வழி தேடி ஆக்சிலரேட்டர் கேபிளின் உள் கம்பி வழியாகப் போனது. மூன்றாவது முறை செல்ஃப் அடித்தபோது கேபிளின் பிளாஸ்டிக் உறை உருகிப் புகை வந்தது, கம்பி உள்ளேயே ஒட்டிக்கொண்டது. ஓடும்போது ஆக்சிலரேட்டர் அப்படி ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அதனால்தான் இதில் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

புதிது வாங்குவதற்கு முன் இந்த இரண்டு அளவையும் எடுங்கள். ஹெட்லைட் போட்டு, எஞ்சினை 2500 ஆர்பிஎம்மில் வைத்துக்கொண்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்நேட்டரின் பி+ நட்டிலும் (பின்புறம், கரண்ட் வெளியே வரும் முனை) மறு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் வையுங்கள், 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அப்புறம் ஆல்டர்நேட்டரின் உடம்புக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் நடுவே வையுங்கள், 0.2க்குள் இருக்க வேண்டும். மீட்டர் முனை பேட்டரிக் கம்பத்தின் ஈயத்தையே தொட வேண்டும், மேலே மாட்டியிருக்கும் கிளாம்பைத் தொட்டால் அந்த ஜாயின்ட்டின் கோளாறு மீட்டருக்குத் தெரியாது.

எத்தனை ஆம்பியர் தேவை

ஒயரிங்கில்தான் கோளாறு என்றால் ஆல்டர்நேட்டரே மாற்ற வேண்டாமா என்று கேட்பீர்கள். உங்கள் விஷயத்தில் மாற்றத்தான் வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. 17ஏசிஆர் முழு வேகத்தில் கொடுப்பதே 36 ஆம்பியர். நீங்கள் சேர்த்தவற்றையும் சேர்த்துக் கூட்டினால்: இரண்டு 55 வாட் ஹெட்லைட்டுக்கு 8 ஆம்பியர், பின் விளக்கு, பார்க்கிங், மீட்டர் விளக்கு எல்லாம் 3, இக்னிஷன் 4, பெட்ரோல் பம்ப் 4, ரேடியேட்டர் ஃபேன் 13, மழை பெய்தால் வைப்பர் 4. மொத்தம் 36. பிரேக் மிதித்தால் இன்னும் 3 கூடும். பேட்டரியைத் திரும்ப ஏற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அதோடு சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் 900 ஆர்பிஎம், புல்லி விகிதம் இரண்டுக்கு ஒன்று என்றால் ஆல்டர்நேட்டர் 1800 ஆர்பிஎம்மில்தான் சுற்றும், அந்த வேகத்தில் அதன் பெயர்ப்பலகையில் உள்ளதில் பாதி கிடைத்தாலே பெரிது. மீதியைப் பேட்டரி கையிலிருந்து கொடுக்கிறது. அந்த 12.1 வோல்ட் அப்படித்தான் வருகிறது.

நான் சொல்வது 65 முதல் 70 ஆம்பியர். வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளேயே இருப்பதாகவும், சார்ஜ் லைட்டுக்கு முனை உள்ளதாகவும் பாருங்கள்.

120 ஏன் வேண்டாம் என்றால், பேட்டரி கொதிக்கும் என்பதற்காக இல்லை. உங்கள் நண்பர் சொன்னது பலரும் நம்பும் தவறு. ஆல்டர்நேட்டர் கரண்டைத் தள்ளிவிடுவதில்லை, கேட்கும் லோடு தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்கிறது. ரெகுலேட்டர் வோல்ட்டை 14.2, 14.4க்குள் நிறுத்தி வைத்திருக்கும் வரை 40 ஆம்பியர் ஆல்டர்நேட்டரும் 120 ஆம்பியர் ஆல்டர்நேட்டரும் பேட்டரிக்கு ஒன்றுதான். பேட்டரி கொதிக்கிறது என்றால் ரெகுலேட்டர் கெட்டு 15 வோல்ட்டுக்கு மேலே போகிறது என்று அர்த்தம், அது எந்த அளவு ஆல்டர்நேட்டரிலும் நடக்கலாம். என் தயக்கம் பெல்ட்டைப் பற்றியது. 70 ஆம்பியர், 14 வோல்ட் என்றால் 980 வாட், ஆல்டர்நேட்டரின் திறன் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் என்பதால் எஞ்சினிலிருந்து ஏறத்தாழ 1.8 கிலோவாட் இழுக்கும், அதாவது இரண்டரைக் குதிரைத்திறன் அளவுக்கு. உங்கள் எஞ்சினில் இருப்பது ஒற்றை வி பெல்ட், அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. 70 வரை அது தாங்கும், 120 கேட்டால் வழுக்கும், வழுக்கினால் கிறீச்சிடும், சூடாகி அறுந்தால் வாட்டர் பம்ப்பும் சேர்ந்து நிற்கும். அதோடு, இறங்கிப்போன பேட்டரியை வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் பெரிய ஆல்டர்நேட்டர் கொஞ்ச நேரம் முழு ஆம்பியரையும் கொடுத்துவிடும், அதைத் தாங்குமளவு ஒயரும் தடிமனாக வேண்டும். தேவையில்லாத செலவு, தேவையில்லாத எடை.

புல்லி அளவை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் புல்லி 130 மில்லிமீட்டர், ஆல்டர்நேட்டர் புல்லி 65 என்றால் இரண்டு மடங்கு வேகம். நீங்கள் 6500 வரை ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள், ஆல்டர்நேட்டர் 13000ல் சுற்றும், பரவாயில்லை. இன்னும் சின்னப் புல்லி போட்டால் சிக்னலில் நிற்கும்போது நன்றாகச் சார்ஜ் ஏறும், ஆனால் மேலே 16000, 17000 என்று போய் உள்ளே சுழலும் ரோட்டரின் சுற்றுக் கம்பிகள் வெளியே பிதுங்கும் அபாயம் உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. புதிய கார்களிலிருந்து கழற்றிய ஆல்டர்நேட்டர்கள் மலிவாகக் கிடைக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். அவற்றில் பலவற்றை எஞ்சின் கம்ப்யூட்டர்தான் கட்டுப்படுத்துகிறது. மஸ்டா எம்எக்ஸ்-5 இரண்டாம் தலைமுறை வண்டியில் ரெகுலேட்டர் வேலையைக் கம்ப்யூட்டரே பார்க்கிறது, ஆல்டர்நேட்டரை மட்டும் கொண்டுவந்து கார்புரேட்டர் எஞ்சினில் மாட்டினால் ஒன்றும் நடக்காது. விற்பவரிடம் "இது தனியாகவே வோல்ட்டைக் கட்டுப்படுத்துமா" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள்.

ஆல்டர்நேட்டரை எஞ்சினின் எந்தப் பக்கத்தில் மாட்டுவது, எந்தத் திசையில் சுற்றுவது என்று தனியாகக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். உள்ளே கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடும் டயோடுகள் இருப்பதால் எந்தத் திசையில் சுற்றினாலும் சார்ஜ் ஆகும். முன்னால் இருக்கும் விசிறியின் இதழ்கள்தான் திசைக்கு ஏற்றபடி சாய்ந்திருக்கும், தப்பான திசையில் சுற்றினால் காற்று சரியாக இழுக்காது, சூடாகும். சைலன்சர் மானிஃபோல்டு பக்கத்தில் மாட்ட வேண்டி வந்தால் நடுவே ஒரு தகரத் தடுப்பு போட்டுவிடுங்கள்.

சார்ஜ் லைட் வெறும் விளக்கு இல்லை

காலையில் 3000 ஆர்பிஎம் தாண்டினால்தான் சார்ஜ் லைட் அணைகிறது என்ற உங்கள் பிரச்சினைக்குக் காரணம் கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது: டாஷ்போர்டு விளக்குகளை எல்லாம் எல்ஈடிக்கு மாற்றினேன்.

ஆல்டர்நேட்டரின் ரோட்டரில் நிலையான காந்தம் கிடையாது. சாவியைத் திருப்பியதும் சார்ஜ் லைட் பல்பு வழியாகக் கொஞ்சம் கரண்ட் போய் ரோட்டரைக் காந்தமாக்குகிறது, அதை வைத்துத்தான் அது வேலையை ஆரம்பிக்கிறது. பழைய 2.2 வாட் பல்பு 0.18 ஆம்பியர் அளவுக்குக் கொடுக்கும். எல்ஈடி அதில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தாலே அதிகம். அதனால் ரோட்டர் இரும்பில் தங்கியிருக்கும் மிச்சக் காந்தத்தை நம்பி, வேகம் கூடும் வரை ஆல்டர்நேட்டர் சும்மா சுற்றுகிறது. பழைய பல்பையே திரும்பப் போடுங்கள். எல்ஈடிதான் வேண்டும் என்றால் அதற்குப் பக்கவாட்டில், இணையாக, 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேருங்கள். சாவி போட்டு எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது அது கை சுடுமளவு சூடாகும், பிளாஸ்டிக்கில் படாமல் கட்டுங்கள்.

ஒற்றை ஒயர் ஆல்டர்நேட்டரில் இந்த இணைப்பே தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அதுவும் மிச்சக் காந்தத்தை நம்பித்தான் எழுந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதிக்க வேண்டும். இப்போது நீங்கள் குறை சொல்லும் அதே பழக்கத்தைப் பணம் கொடுத்து வாங்குவதுபோல் ஆகும். சார்ஜ் லைட்டும் இருக்காது, பெல்ட் அறுந்தால் தெரிவதற்கு வழி குறைவு. உங்களுக்கு வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

ஒயரிங்கை எப்படி மாற்றுவது

பேட்டரி பின்னால் இருப்பதால் அங்கிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தடித்த கேபிள் ஏற்கெனவே வருகிறது. 35 சதுர மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள், போதும். ஆல்டர்நேட்டரின் பி+ முனையிலிருந்து நேராக ஸ்டார்ட்டர் மோட்டாரில் அந்தக் கேபிள் வந்து சேரும் நட்டுக்கு 16 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றைப் போடுங்கள். ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும், 70 ஆம்பியர் முழுதாகப் போனாலும் இழப்பு 0.1 வோல்ட்டைத் தாண்டாது. இந்த ஒயருக்கு 100 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று வேண்டும், அதை ஸ்டார்ட்டர் பக்கத்தில் வையுங்கள், ஆல்டர்நேட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒயர் உரசி ஷார்ட் ஆனால் ஆல்டர்நேட்டர் கொடுப்பது 70 ஆம்பியர்தான், பேட்டரி கொடுப்பது நூற்றுக்கணக்கில், நெருப்பு வைப்பது பேட்டரிதான். எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் ஃபியூஸ். ஃபியூஸ் பெட்டிக்குப் போகும் மெயின் ஒயரையும் அந்த ஸ்டார்ட்டர் நட்டிலிருந்தே, தனி ஃபியூஸ் வைத்து எடுத்துவிடுங்கள்.

டாஷ்போர்டு ஆம்மீட்டரைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் வோல்ட் மீட்டர் வையுங்கள். 30 வரை காட்டும் மீட்டருக்குள் 70 ஆம்பியரை விடக் கூடாது, அதன் பின்பக்கம் உங்கள் முழங்காலுக்கு மேலே, ஃபைபருக்கு அருகில், ஃபியூஸ் இல்லாத மின்சாரத்தோடு இருக்கிறது. அந்த அழகான பழைய மீட்டரை விட மனசு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. ஒயர் எதுவும் இல்லாமல் வெறும் அழகுக்கு வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எர்த்துக்கு, எஞ்சின் பிளாக்கிலிருந்து சேஸிஸுக்கு ஒரு 35 சதுர மில்லிமீட்டர் கேபிள், பேட்டரி மைனஸிலிருந்து சேஸிஸுக்கு அதே தடிமனில் ஒன்று. முடிந்தால் இரண்டையும் ஒரே கேபிளாக்கி, பேட்டரியிலிருந்து எஞ்சின் வரை நேராகக் கொண்டுபோய்விடுங்கள், சேஸிஸுக்கு ஒரு கிளை மட்டும் கொடுங்கள். நான் கட்டினால் அப்படித்தான் செய்வேன். லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்) உட்காரும் இடத்தில் கோட்டிங்கைச் சுரண்டி, எமரி பேப்பரால் வெள்ளை வெளேரென்று இரும்பு தெரியும் வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். லக்கை அறுகோணக் கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள். சுத்தியலால் தட்டி, மேலே ஈயம் ஊற்றிய லக்குகள் உங்கள் படத்தில் இரண்டு தெரிகின்றன. ஈயம் ஏறிய இடத்தில் ஒயர் விறைத்துப்போய், அதிர்வில் அந்த விளிம்பிலேயே ஒவ்வொரு இழையாக அறும்.

புதிய ஆல்டர்நேட்டரின் பின்னால் பி+ தவிர வேறு முனைகளும் இருக்கும். டி+ அல்லது எல் என்று இருப்பது சார்ஜ் லைட்டுக்கு. அதற்குப் பல்போ ரெசிஸ்டரோ இல்லாமல் நேராக 12 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள், சில ரகங்களில் ரெகுலேட்டர் அந்த நிமிஷமே போய்விடும். எஸ் என்று இருந்தால் அதைச் சின்ன ஃபியூஸ் வைத்துப் பின்னால் பேட்டரி பிளஸ் வரை கொண்டுபோங்கள், அங்கே உண்மையில் எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்று பார்த்து ரெகுலேட்டர் சரிசெய்துகொள்ளும். டபிள்யூ முனை டீசல் வண்டிகளில் ஆர்பிஎம் மீட்டருக்கு, உங்களுக்கு வேண்டாம், மூடி வையுங்கள். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். பி+ நட்டில் சாவி அணைத்த பிறகும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் ஒரு பக்கம் நட்டையும் மறு பக்கம் எஞ்சினையும் தொட்டால் கை வெந்துவிடும்.

டிக்கிக்கு அருகில் இரண்டு முனை கட்-ஆஃப் சுவிட்ச் வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். எஞ்சின் ஓடும்போது அதை அணைத்தால் எஞ்சின் நிற்காது, ஆல்டர்நேட்டரே இக்னிஷனுக்குக் கரண்ட் கொடுத்து ஓட்டிக்கொண்டிருக்கும். ஆபத்து நேரத்துக்கு என்று வைத்த சுவிட்ச் ஆபத்து நேரத்தில் வேலை செய்யாது. ரேஸ் கார்களில் போடும் ஆறு முனை சுவிட்சாக மாற்றுங்கள், அது பேட்டரியைத் துண்டிக்கும்போதே இக்னிஷனையும் துண்டித்து, ஆல்டர்நேட்டர் உண்டாக்கும் மிச்சத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்கு விட்டுவிடும்.

பணம் திரும்பக் கேட்கலாமா

இதில் உங்களிடம் ஒளிவு மறைவில்லாமல் பேச வேண்டியிருக்கிறது. ரீகண்டிஷன் ஆல்டர்நேட்டர் சாவதற்கு முந்தின நாள், சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க எஞ்சின் ஓடும்போதே பேட்டரி முனையைக் கழற்றிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய டைனமோ காலத்துப் பழக்கம் அது, பல மெக்கானிக்குகளே செய்வார்கள், உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆல்டர்நேட்டரில் அதைச் செய்யவே கூடாது. பேட்டரி என்பது வோல்ட் எகிறாமல் பிடித்து வைத்திருக்கும் மெத்தை மாதிரி. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அதைச் சட்டென்று எடுத்துவிட்டால் ரோட்டரின் காந்தம் அடங்கும் வரை வோல்ட் 80ஐயும் தாண்டி எகிறலாம். அதில் டயோடு போகும், ரெகுலேட்டர் போகும், இன்றைய எலெக்ட்ரானிக் இக்னிஷனும் போகும்.

ஆகவே உங்கள் உரிமை உள்ளே எது கெட்டது என்பதைப் பொறுத்தது. வாரன்டி காலத்தில் இருக்கும் பொருள் தானாகக் கெட்டால் மாற்றித் தரும்படி கேட்பது நியாயம், "ஒயரிங் கோளாறு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லித் தட்டிக்கழிப்பது நியாயமில்லை. எது கெட்டது, எப்படித் தெரிந்தது என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வேறொரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கழற்றிப் பார்க்கச் சொல்வதாக இருந்தால் விற்றவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் கழற்றியதையே காரணம் காட்டுவார்கள். கார்பன் பிரஷ் தேய்ந்தோ, பேரிங் இறுகியோ, ஸ்லிப் ரிங் அழுக்கடைந்தோ இருந்தால் அது ரீகண்டிஷன் வேலையின் குறை, பணத்தைத் தயங்காமல் கேளுங்கள். டயோடுகள் மொத்தமாக வெடித்திருந்தால் பேட்டரியைக் கழற்றியதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் நடந்ததைச் சொல்லி, ரிப்பேருக்குப் பாதி விலை பேசுங்கள், மறைத்துவிட்டு முழுப் பணம் கேட்க வேண்டாம். டயோடு தட்டும் ரெகுலேட்டரும் மட்டும் மாற்றினால் அந்த ஆல்டர்நேட்டர் திரும்ப ஓடும், அதை விற்றுக்கூட புதியதற்குக் கொஞ்சம் காசு தேற்றலாம்.

எல்லாம் மாட்டிய பிறகு பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், 10 முதல் 13 மில்லிமீட்டர் வரை உள்ளே போக வேண்டும். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால் சார்ஜ் லைட் பளிச்சென்று எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் மிதிக்காமலே அணைய வேண்டும். சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்காமல் ஓடினால் பயப்பட வேண்டாம், சார்ஜ் லைட் ஒயர் வழியாகக் கரண்ட் திரும்பி இக்னிஷனுக்குப் போகிறது, அந்த ஒயரில் ஆல்டர்நேட்டர் பக்கம் மட்டும் கரண்டை விடும்படி ஒரு டயோடு சேர்த்தால் நின்றுவிடும். ஹெட்லைட், ஃபேன், வைப்பர் எல்லாவற்றையும் போட்டு 2500 ஆர்பிஎம்மில் பேட்டரி முனையில் 13.8க்குக் குறையாமல் இருக்கிறதா பாருங்கள். எஞ்சினை அணைத்து, ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள் காலை சாவி போடும் முன் அளந்தால் 12.5, 12.6 இருக்க வேண்டும். முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கும், ஒருமுறை இறுக்கிவிட்டு, நான் மேலே சொன்ன அந்த இரண்டு அளவையும் திரும்ப எடுத்து எழுதி அனுப்புங்கள். எர்த் பக்கம் 0.2க்கு மேல் வந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு உடனே எழுதுங்கள்.